ஆறாத இரவுகள்

அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிடும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. சென்னை வெயில் அதை அவ்வளவாக மதிப்பதில்லை. ஜூன் மாதத்திலும் பகல் 37, 38 டிகிரி செல்சியஸில் நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மேலைக்காற்று கடற்காற்றை ஊருக்குள் விடாமல் தடுக்கும் நாட்களில் 40ஐயும் தொடும். மாடித்தோட்டம் போட்டவர்கள் இந்த நாட்களில் சந்தித்துக்கொண்டால் பேச்சு சுற்றிச் சுற்றித் தக்காளியில் வந்து நிற்கும். செடி இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, இலை நல்ல கரும்பச்சை, கொத்துக்கொத்தாகப் பூ, ஆனால் ஒரு பிஞ்சுகூட இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் பையைச் சுற்றி மஞ்சள் பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடக்கின்றன. ஒருவர் மீன் அமிலம் தெளிக்கச் சொல்வார். ஒருவர் புளித்த மோரில் பெருங்காயம் கரைத்து ஊற்றச் சொல்வார். எல்லாம் உச்சிவெயிலின் வேலை, பச்சை நிழல்வலையைக் கட்டுங்கள் என்பார் மூன்றாமவர்.

வெயிலில் செடி வாடுவது கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பழியெல்லாம் வெயிலுக்குப் போகிறது. ஆனால் கடலோரக் கோடையில் ஒரு தக்காளிச் செடி காய்க்குமா காய்க்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இரவுதான். மே, ஜூன் மாதங்களில் சென்னையில் விடியற்காலைக்கு முந்தைய நேரத்திலும் வெப்பநிலை 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். கடல்மட்டத்துக்கு 800 மீட்டர் மேலே இருக்கும் கோலார் மேட்டு நிலத்தில் அதே மே மாத இரவு 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கோடையில் கோயம்பேட்டுக்குத் தக்காளி லாரிகள் கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வருவதற்கு மண், நீர், வியாபாரம் என்று பல காரணங்கள் உண்டு. இந்த ஐந்தாறு டிகிரியும் அவற்றில் ஒன்று.

கடலோர இரவு ஏன் ஆறுவதில்லை? சூரியன் மறைந்ததும் தரையும் கட்டடமும் இலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விடத் தொடங்குகின்றன. காற்று வறண்டிருந்தால் அந்தக் கதிர்களில் பெரும்பகுதி தடையில்லாமல் மேலே போய்விடும். ஜெய்சல்மேரில் மே மாதப் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருப்பது அதனால்தான்; சென்னையில் அது பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே காற்றில் நிறைந்திருக்கும் நீராவி, வெளியேறும் கதிர்களை விழுங்கி ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. இது முதல் தடை. இரண்டாவது தடை இன்னும் கறாரானது. காற்றிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். கோடைக் கடைசியில் சென்னையில் அது 25 டிகிரியை ஒட்டி நிற்கும். வெப்பநிலை அந்த எல்லையை நெருங்கினால் நீராவி துளிகளாகப் படியத் தொடங்கும். படியும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைச் சுற்றுப்புறத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். வேறு திசையிலிருந்து வறண்ட காற்று வந்தால் ஒழிய, அந்த எல்லைக்குக் கீழே இரவு இறங்க வழியில்லை. ஆக, வேர்வை காயாமல் நம்மை நசநசக்க வைக்கும் அதே நீராவிதான் தக்காளியின் இரவையும் கெடுக்கிறது.

மொட்டைமாடியில் இதற்கு மேலும் ஒரு சுமை இருக்கிறது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை நள்ளிரவு தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மாடியில் இரவு பத்து மணிக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரையில் நட்ட செடியைவிட, தளத்தின் மேல் நேராக வைத்த பையிலுள்ள செடிக்கு இரவு இன்னும் தாமதமாகவே ஆறும்.

செடிகளுக்கு இரவு வெப்பநிலை இவ்வளவு முக்கியம் என்பதைத் தெளிவாகக் காட்டியவர் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற டச்சுக்காரர். தாவரவியல் பேராசிரியரின் மகன். இருபதுகளின் தொடக்க வயதிலேயே, 1926இல், உத்ரெக்டில் ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி அகர் துண்டின் மேல் வைத்து, நுனியிலிருந்து இறங்கும் ஏதோ ஒரு பொருள்தான் நாற்றை வளைக்கிறது என்று நிரூபித்தார். அதைத்தான் இன்று ஆக்ஸின் என்கிறோம். அதன் பிறகு சில ஆண்டுகள் ஜாவாவின் புகழ்பெற்ற தாவரவியல் பூங்கா இருக்கும் போகோரில் வேலை பார்த்தார். மழையும் வெக்கையும் குறையாத ஊர் அது. 1933இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்துக்குப் போனார். அங்கே குளிர்சாதனம் பொருத்திய கண்ணாடி வீடுகளைக் கட்டி, தக்காளிச் செடிகளைப் பகலில் ஓர் அறையிலும் இரவில் வேறோர் அறையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

1944இல் அவர் வெளியிட்ட முடிவு அன்றைய நம்பிக்கைக்குப் புதிதாக இருந்தது. ஒரு செடிக்கு உகந்த வெப்பநிலை என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் போதும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். வென்ட்டின் தக்காளிக்கோ இரண்டு எண்கள் தேவைப்பட்டன. பகல் 26.5 டிகிரி, இரவு 17 முதல் 20 டிகிரி என்றிருந்தபோது செடி மிக நன்றாக வளர்ந்தது. அதே 26.5ஐ இரவிலும் தொடர்ந்தால் வளர்ச்சி குறைந்தது. காய் பிடிப்பதில் வித்தியாசம் இன்னும் கூர்மையாக இருந்தது: இரவு 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் காய்கள் தாராளமாகப் பிடித்தன. இப்படி நாள்தோறும் ஏறி இறங்கும் வெப்பத்தைச் செடி எதிர்பார்ப்பதற்கு வெப்பத் தாளம் என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம். தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் மேற்குக் கரை. ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் பகல் காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். நம்முடைய ஜூன் இரவு அதன் பரம்பரை அனுபவத்தில் இல்லாதது.

வெப்பமான இரவு பூவுக்குள் என்ன செய்கிறது என்பது வென்ட்டுக்குப் பிறகு வந்தவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துத் தெரிந்துகொண்டது. அடி விழுவது மகரந்தத்துக்கு. பூ மலர்வதற்கு எட்டொன்பது நாட்களுக்கு முன்பு, மொட்டு இன்னும் சின்னஞ்சிறிதாக இருக்கையில், மகரந்தத்தாய்ச் செல்கள் குன்றல் பிரிவுக்கு உள்ளாகின்றன. அந்தச் சில நாட்களில் அவற்றுக்குச் சர்க்கரை இடையறாமல் வர வேண்டும். சர்க்கரையை ஊட்டுவது மகரந்தப்பையின் உள்படலம். இரவு வெக்கையில் அந்தப் படலம் சீக்கிரமே சிதைகிறது, ஊட்டம் அறுகிறது. பூ மலரும்போது வெளியிலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. உள்ளே மகரந்தத் தூள்கள் சுருங்கி, முளைக்கும் திறனில்லாமல் இருக்கும். இன்று உதிரும் பூவுக்கு நேற்றைய வெயிலில் காரணம் தேடுவது ஏன் வீண் என்று இதிலிருந்து புரியும்.

மகரந்தம் பிழைத்தாலும் அது வெளியே வந்தாக வேண்டும். தக்காளியின் மகரந்தப்பைகள் ஒன்றாகச் சேர்ந்து கூம்பாக இருக்கும். தூள் உள்பக்கமாகக் கொட்டும். வறண்ட காலையில் காற்று ஆட்டினாலே போதும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி உள்ளேயே தங்கிவிடும். பூவைப் பற்றிக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிரவைத்துத் தூளைக் கொட்டவைக்கும் வித்தை கருவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். கூட்டில் தேன் சேர்க்கும் வழக்கமான தேனீக்குத் தெரியாது. மாடித்தோட்டக்காரர்கள் சிலர் பேட்டரியில் ஓடும் பல்துலக்கியைக் காம்பில் வைத்து அதிரச் செய்கிறார்கள். அது நல்ல யோசனைதான். பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் செய்தால் பலன் உண்டு. மகரந்தமே செத்திருந்தால் எந்த அதிர்வும் உதவாது.

கருவுறாத பூ ஏன் காம்போடு விழுகிறது என்ற கேள்வி நம்மை மறுபடி வென்ட்டிடம் கொண்டுபோகிறது. தக்காளிப் பூக்காம்பின் நடுவே முழங்கை மாதிரி ஒரு கணு இருக்கும். சூல்கள் கருவுற்றதும் அவை சுரக்கும் ஆக்ஸின் காம்பு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும்; அது இறங்கும்வரை கணு உறுதியாக நிற்கும். வரத்து நின்றால் எத்திலீன் வாயுவின் கை ஓங்கி, கணுவின் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். உரக்கடையில் பூ உதிராமலிருக்கக் கொடுக்கும் பிளானோஃபிக்ஸ் என்பது நாப்தலீன் அசிட்டிக் அமிலம், ஆக்ஸினின் செயற்கை உறவினர். அது கணுவைப் பிடித்துவைக்கும். மகரந்தத்தை உயிர்ப்பிக்காது. அதனால்தான் மிளகாயில் ஓரளவு பயன்படுகிற அதே மருந்து, ஜூன் மாதத் தக்காளியில் பல நேரம் பூவைக் காயவைத்து அப்படியே தொங்கவிடுகிறது.

இரவின் கணக்கு பூவோடு முடிவதில்லை. செடி பகலில் சர்க்கரை சம்பாதிக்கிறது. சுவாசத்தில் இரவும் பகலும் செலவழிக்கிறது. இரவில் வரவு கிடையாது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் சுவாச வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 18 டிகிரி இரவில் ஆகும் செலவைப்போல 28 டிகிரி இரவில் இரண்டு மடங்கு. காலப்போக்கில் செடி இந்தச் செலவைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளப் பழகும், ஆனாலும் முழுக்கச் சமாளிக்க முடிவதில்லை. இதைப் பற்றிய மிகப் பிரபலமான சான்று தோட்டத்திலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரையிலான வெப்பநிலைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பகல் உச்ச வெப்பநிலை 0.35 டிகிரி ஏறியிருந்தது, இரவுக் குறைந்த வெப்பநிலையோ 1.13 டிகிரி. விளைச்சலோடு ஒப்பிட்டபோது, வறண்ட பருவத்தில் இரவு ஒரு டிகிரி கூடினால் நெல் மகசூல் 10 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. பகல் வெப்பத்தின் விளைவு பொருட்படுத்தும் அளவில் இல்லை. 2004இல் வெளியான அந்த ஆய்வு காட்டிய சரிவுக்கு முழுக் காரணமும் சுவாசம்தானா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. பயிரின் தலைவிதி இரவிலும் எழுதப்படுகிறது என்பதில் விவாதமில்லை.

இப்போது நிழல்வலைக்கு வருவோம். நாற்றுகளுக்கும் கீரைக்கும் கோடையில் வலை நல்லது, மறுக்கவில்லை. காய்க்க வேண்டிய செடியின் மேல் 50 சதவீத வலையைக் கட்டினால், பகல் வரவில் ஒரு பகுதியை நாமே பிடித்துக்கொள்கிறோம். இரவுச் செலவில் ஒரு பைசா குறைவதில்லை. என்னைக் கேட்டால், நிழல் வேண்டியது செடியைவிடத் தளத்துக்கு. தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது, பைகளைச் செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ தூக்கி வைப்பது, அடியில் காற்றுப் போக வழி விடுவது, வெயில் சாய்ந்தபின் இரண்டு வாளி நீரை இலையில் படாமல் தளத்தில் வீசுவது: இவைதான் செடியின் இரவைத் தொடுகிற வேலைகள். ஈரக்காற்றில் நீர் ஆவியாகாதே என்று தோன்றலாம். தளம் காற்றைவிட மிகவும் சூடாக இருக்கும் அந்த மாலை நேரத்தில் நன்றாகவே ஆவியாகும்.

அப்படியும் ஜூன், ஜூலையில் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் மல்லுக்கட்டுவது என்னைப் பொறுத்தவரை வீண் வேலை. தைவானில் 1971இல் தொடங்கிய ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம், வெப்பமண்டலச் சமவெளிகளுக்காகவே வெக்கை தாங்கும் தக்காளிகளைத் தேடிப் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது; அத்தகைய ரகங்களில் காய் கொஞ்சம் சிறியதாக இருக்கும், ஆனால் பிடிக்கும். விதை கிடைத்தால் முயலலாம். ஆனால் இந்த இரவுகளுக்குப் பழகிய செடிகள் நம்மிடமே இருக்கும்போது ஏன் இந்தப் பிடிவாதம்?

முதலில் கீரை. காரணம் மிக எளிது: நாம் இலையைத்தான் தின்னப்போகிறோம், மகரந்தம் வாழ்ந்தாலும் செத்தாலும் கவலையில்லை. முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் அமராந்தஸ் குடும்பம். இவற்றுக்குப் பகலிலும் ஒரு சலுகை உண்டு. சாதாரணச் செடிகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, வெப்பம் ஏற ஏறத் தடுமாறி ஆக்சிஜனைப் பிடித்துச் சர்க்கரையை வீணடிக்கும். அமராந்தஸ் கீரைகள் கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, செறிவாக்கி, பிறகுதான் ரூபிஸ்கோவிடம் கொடுக்கின்றன. தடுமாற்றம் ஏறக்குறைய இல்லை. சோளத்துக்கும் கரும்புக்கும் இதே ஏற்பாடு. பிரிஸ்பேனில் ஒரு சர்க்கரை நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966இல் கரும்பில்தான் இதை விளக்கினார்கள். விதைத்த 25 நாளில் முளைக்கீரையைப் பிடுங்கி மசிக்க முடிவதற்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. கொத்தமல்லிக்கு இந்த வசதி இல்லை. ஜூனில் விதைத்தால் நாலு இலை விட்டதுமே பூவெடுக்கப் பார்க்கும்.

அடுத்தது கொடிகள். புடலை, சுரை, பீர்க்கன் மூன்றும் சாயங்காலத்துக்கு மேல் மலர்பவை. வெண்டைப் பூவைப் போலக் காலையில் விரிந்து பிற்பகலில் சுருங்கும் வழக்கம் இவற்றுக்குக் கிடையாது. வெயில் தாழ்ந்து காற்றில் ஈரம் ஏறும் வேளையைப் பார்த்தே இதழ் விரிக்கின்றன. புடலையின் வெள்ளைப் பூவில் ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்குவதைப் பகலில் பார்த்தால் கசங்கிய துணிபோல இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளிர்நிறமும் மணமும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. நகரத்து மாடியில் அந்துப்பூச்சி குறைவாக இருந்தால், சுரைக்கும் பீர்க்கனுக்கும் நாமே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். அதை மாலை ஆறு, ஏழு மணிக்குச் செய்ய வேண்டும். மறுநாள் காலை காபி குடித்துவிட்டு மெதுவாகப் போய்த் தடவினால் காலம் கடந்திருக்கும். பாகலும் பரங்கியும் நேர்மாறு. அவை விடியும்போது மலர்பவை, காலைதான் சரி.

கொடிகளிலும் வெக்கை ஒரு குறும்பு செய்கிறது. நீண்ட பகலும் அதிக வெப்பமும் ஆண் பூக்களைக் கூட்டி, பெண் பூக்களைக் குறைக்கும். பந்தல் முழுக்கப் பூத்தும் பிஞ்சு தெரியவில்லை என்றால், பூவின் அடியில் குட்டிக் காய் மாதிரி புடைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் அத்தனையும் ஆண் பூ. பொறுத்திருந்தால், பகல் குறையக் குறைய விகிதம் தானாகச் சீராகும்.

நீர் விஷயத்தில்தான் ஈரக்கோடை மிகப் பெரிய ஏமாற்று வேலையைச் செய்கிறது. இலையிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகும் என்பதை வெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்றுக்கொள்ளும் என்ற இடைவெளிதான் தீர்மானிக்கிறது. 38 டிகிரியில் 30 சதவீத ஈரப்பதம் இருக்கும் உள்நாட்டுப் பகலில் அந்த இடைவெளி ஏறத்தாழ 4.6 கிலோபாஸ்கல். 34 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் இருக்கும் கடலோரப் பிற்பகலில் 1.6தான். அதாவது நமக்கு இரண்டும் ஒரேபோல் வாட்டினாலும், நம் ஊர்ச் செடி உள்நாட்டுச் செடியைவிடக் குறைவாகவே நீர் குடிக்கிறது. வேர்த்து வழிந்தபடி மாடிக்கு வரும் நாமோ, செடிக்கும் நம்மைப் போலத் தாகம் என்று எண்ணிக் காலையும் மாலையும் ஊற்றுகிறோம். பீர்க்கன் இலை பகல் இரண்டு மணிக்குத் தொங்குவதைக் கண்டதும் இன்னொரு வாளி. அந்தத் தொங்கல் தற்காலிகம். சாயங்காலம் தானே நிமிரும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் பூவாளியைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

ஏனென்றால் வேரும் மூச்சு விடுகிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7தான். இருப்பு கால்வாசி குறையும் அதே வேளையில், வெக்கையால் வேரின் தேவை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. வெயில் நேராக விழும் கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தில் மண் 45 டிகிரியைத் தாண்டுவது அபூர்வமல்ல. அந்த மண்ணில் நீரும் தேங்கினால் வேர் மூச்சுத் திணறிச் சாகும், வேர் செத்ததால் இலை வாடும், இலை வாடுவதைப் பார்த்து நாம் மறுபடி ஊற்றுவோம். இந்த நிலையை ஆவலோடு எதிர்பார்த்திருக்கும் ஓர் உயிரி உண்டு: பித்தியம். பூஞ்சை போலத் தெரியும், உண்மையில் பூஞ்சை அல்ல, நீரில் நீந்தும் வித்துகளைக் கொண்டது. மிளகாய், தக்காளி நாற்றங்காலில் நாற்றின் கழுத்து அழுகிச் சாயும் நாற்றழுகல் இதன் கைவரிசை. பித்தியம் அஃபானிடெர்மேட்டம் என்ற இனத்துக்கு 35 டிகிரிதான் கொண்டாட்டம். டிரைக்கோடெர்மா விரிடி கலந்த தொழுவுரம் ஓரளவு காப்பாற்றும். வடிகால் துளை அடைபடாமல் இருப்பது அதைவிட முக்கியம். வெள்ளைநிறப் பைகள், கறுப்புப் பைக்கு ஒரு பழைய சாக்கு மேலாடை, மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ தென்னை நாரோ மூடாக்கு: செலவில்லாத வைத்தியம் இவ்வளவுதான். மூடாக்குத் தண்டைத் தொடாமல் இருக்கட்டும்.

எந்த நேரத்தில் ஊற்றுவது? மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் செடி குளிர்ச்சியாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வறண்ட ஊர்களுக்கு அது சரி. இங்கே மாலையில் இலை நனைந்தால் விடியும்வரை காயாது. இலைப்புள்ளி நோய், அடிச்சாம்பல் நோய் ஆகியவற்றின் வித்துகள் முளைத்து உள்ளே புகச் சில மணி நேரம் தொடர்ந்த ஈரம் போதும். நாம் அவற்றுக்குப் பத்து மணி நேரம் கொடுக்கிறோம். அதிகாலையில், வேரடியில் மட்டும் ஊற்றுவதே என் கட்சி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிற்பகல் நீர் கையைச் சுடும் என்பதும் காலைக்கு ஆதரவான இன்னொரு வாதம். விடியற்காலையில் சேம்பு இலையின் நுனியிலும் தக்காளி இலையின் ஓரத்திலும் வரிசையாகத் துளி நிற்பதைப் பார்த்தால் அது எல்லாமே பனி என்று நினைக்க வேண்டாம். ஈரக்காற்றில் ஆவியாக வழியில்லாமல், வேர் அழுத்தித் தள்ளிய நீர் இலை விளிம்புத் துளைகள் வழியே கசிந்தது அது. அந்தத் துளிகள் தெரியும் காலையில் ஊற்ற அவசரமே இல்லை.

வெயிலை எதிர்க்காமல் வேலை வாங்கும் வழி ஒன்றும் உண்டு. இஸ்ரேலின் யாக்கோவ் கட்டான் தம் குழுவினரோடு 1976இல் வெளியிட்ட முறை அது. காலியான பாத்தியை நன்றாக நனைத்து, மெல்லிய கண்ணாடிநிறப் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டப் பரப்பி, ஓரங்களை மண்ணால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிட வேண்டும். கறுப்புத் தாளைப் போட்டால் தாள்தான் சூடாகும். கண்ணாடித் தாள் வெயிலை உள்ளே விட்டு மண்ணைச் சூடாக்கும். மேல் மண் 45 முதல் 50 டிகிரிக்கு ஏறி, வாடல் நோய்ப் பூஞ்சைகளும் களை விதைகளும் பெருமளவு மடியும். ஈரமான சூடு காய்ந்த சூட்டைவிடக் கொடியது, அதனால்தான் முதலில் நனைப்பது. மே மாதத்தில் எதுவும் நடாமல் பாத்தியை இப்படி மூடிவிட்டு ஊருக்குப் போய்வருவது, அந்த மாதத்துக்குரிய மிக நல்ல தோட்டவேலை.

ஆடி பிறந்ததும் பந்தல் அவரை விதைப்பார்கள். கொடி ஆவணி, புரட்டாசியெல்லாம் இலையாகவே படர்ந்துகொண்டிருக்கும். பூ வருவது பெரும்பாலும் ஐப்பசிக்கு மேல்தான். இங்கே நமக்கு வேண்டியது இரவின் வெப்பம் அல்ல, நீளம். அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் இருவரும் 1920இல், வர்ஜீனியாவில் கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு புகையிலை ரகத்தை வைத்து, செடிகள் நாளின் நீளத்தை அறிகின்றன என்று காட்டினார்கள். பகல் குறுகினால் பூப்பவற்றைக் குறும்பகல் தாவரம் என்றார்கள். 1938இல் கார்ல் ஹாம்னரும், வென்ட்டோடு கால்டெக்கில் இருந்த ஜேம்ஸ் பானரும் அதைத் திருத்தினார்கள். நம் ஊர்ச் சாலையோரங்களிலும் முளைக்கும் மருளூமத்தைதான் அவர்களின் சோதனைச் செடி. நீண்ட இரவின் நடுவே ஒரு நிமிடம் விளக்கைப் போட்டு அணைத்தால் செடி பூக்க மறுத்தது. பகலின் நடுவே இருட்டாக்கினால் அது கண்டுகொள்ளவே இல்லை. செடி அளந்துகொண்டிருந்தது இடையறாத இருட்டை.

சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அவரைக்கு அது போதும். ஆனால் மாடிக்கு நேர் எதிரே தெருவிளக்கு எரிந்தால், அந்தப் பக்கக் கொடி பூக்கத் தாமதிக்க வாய்ப்புண்டு; இடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கவனிப்பது நல்லது. வேறு இடம் இல்லாதவர்களுக்கு, நாளின் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அந்த வகை. பந்தல் அவரையின் சுவை இவற்றில் வராது என்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

தக்காளியைக் கைவிட வேண்டியதில்லை, தள்ளிப்போட வேண்டும். சென்னை இரவு அக்டோபரிலும் 24, 25 டிகிரியில்தான் இருக்கும். நவம்பரில் 23க்கும், டிசம்பரில் 22க்கும் இறங்கும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம். நாற்று நட்ட நான்கைந்து வாரத்தில் பூ வரும். நாற்று தயாராக இன்னும் நான்கு வாரம். ஆக, குழித்தட்டில் விதை போடச் செப்டம்பர் நடு சரியாக இருக்கும். நடும் மாதம் வடகிழக்குப் பருவமழையில் சிக்கும் என்பதால் செடிக்கு மேலே பாலித்தீன் கூரையும், பையில் திறந்த வடிகாலும் வேண்டும். நவம்பர் கடைசியில் மழை விட்டு வாடை வீசி, இரவு சட்டென்று ஆறினால், மறுநாளே கொத்துகளைப் புரட்டிப் பிஞ்சு தேட வேண்டாம். அப்போது மலர்ந்திருக்கும் பூக்களின் மகரந்தம் முந்தைய வாரத்து வெக்கையில் உருவானது. இன்னும் ஒன்பது, பத்து நாள் கழித்து மலரும் பூக்களில் பார்க்கலாம்.